மூவாயிரம் டாலரும் வருமானமும்: ஒரு லோன் மாடிஃபிகேஷன் விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். இடம் நியூ ஜெர்சி. ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு அது. 2024 நவம்பரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்னிடம் வந்தது. கடனின் விதிமுறையை மாற்றித் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதுதான் லோன் மாடிஃபிகேஷன். அதற்கான அவர்களுடைய விண்ணப்பம் எப்படி முதலில் திரும்பி வந்தது, பிறகு எப்படி நிராகரிக்கப்பட்டது, கடைசியில் எப்படி ஏற்கப்பட்டது என்பதை எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான். பெயரும் ஊரும் வேண்டாம், தொகைகளைத் தாராளமாக எழுதுங்கள் என்றார்கள்.

கணவருக்கு 44 வயது, ஐ.டி. வேலை. மனைவி வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீத வகுப்பு எடுக்கிறார். 2019-இல் வீடு வாங்கினார்கள். கடன் 3,80,000 டாலர், 30 வருடம், 4.25 சதவீத நிலையான வட்டி. அசலும் வட்டியும் மாதம் 1,869 டாலர். சொத்து வரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் என்று தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் போவது 980. ஆக மாதம் 2,849. சொத்து வரி மிக அதிகமான மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று என்பதால் இங்கே இருப்பவர்களுக்கு அந்த 980 ஆச்சரியம் தராது.

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை, கணவருக்கு வேலை போயிற்று. கிரீன் கார்டு இருந்ததால் எச்-1பி விசாக்காரர்களுக்கு வேறு வேலை தேட உள்ள 60 நாள் கெடு தலைக்கு மேல் தொங்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் தவணைகளைச் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி தவணை நின்றது. அக்டோபர் 14-ஆம் தேதி வேறு வேலை கிடைத்தது. மாதம் 9,200 டாலர் வாங்கியவருக்கு இப்போது 6,400.

பிரிக்காத கவர்கள்

நவம்பர் 23, சனிக்கிழமை காலை வந்தார்கள். மனைவி ஒரு மளிகைக் கடைத் துணிப்பையை மேசையில் வைத்தார். உள்ளே பதினேழு கவர். நான்கைத்தான் பிரித்திருந்தார்கள். "அக்கா, இதைப் பிரிச்சா வீடு போயிடும்னு ஒரு பயம். பிரிக்காம வெச்சா இன்னும் ஒண்ணும் ஆகலைன்னு தோணும்" என்றார். இந்த வேலையில் இதே பேச்சைப் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவை கூட அதை லேசாக எடுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

தேதிவாரியாக அடுக்கிப் பிரித்தோம். தவணையை வசூலிக்கும் நிறுவனத்தை இங்கே எல்லோரும் சர்வீசர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மத்திய விதிப்படி, தவணை தவறிய 36-ஆவது நாளுக்குள் சர்வீசர் கடன்காரரை, அதாவது கடன் வாங்கியவரை, நேரடியாகப் பேசிப் பிடிக்க முயல வேண்டும். 45-ஆவது நாளுக்குள் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று எழுத்தில் சொல்ல வேண்டும்; அந்தக் கடனுக்கென்று ஆளையும் ஒதுக்க வேண்டும். அக்டோபர் நடுவில் வந்த அந்தக் கடிதம் பையில் பிரிக்காமல் கிடந்தது. யாரிடம் பேசுவது, எந்த எண்ணுக்கு ஃபேக்ஸ் அனுப்புவது, எல்லாம் அதில் இருந்தது. அவர்களோ ஐந்து வாரமாகப் பொது எண்ணுக்குப் போன் செய்து, ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் போன்களில் ஒன்றில், மூன்று மாத பாக்கியை ஆறு மாதத்தில் பிரித்துக் கட்டுங்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பாக்கி 8,547. ஆறாகப் பிரித்தால் மாதம் 1,424. வழக்கமான தவணையோடு சேர்த்தால் 4,273 டாலர். சம்பளம் குறைந்த வீட்டில் தவணை ஏறுகிறது! கணவர் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டாராம். சம்பளம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் அது நல்ல வழிதான். இங்கே திரும்பவில்லை.

புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்கும் ரீஃபைனான்ஸ் பற்றியும் கேட்டார்கள். அவர்கள் வட்டி 4.25. வெளியே அப்போது 6-க்கும் 7-க்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தது. தவணை தவறிய கணக்குக்கு அதைக் கொடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். அந்தப் பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்தோம்.

பையிலிருந்து இன்னொரு தாளும் வந்தது. "உங்கள் லோனை நாங்கள் மாற்றித் தருகிறோம்" என்று ஒரு கம்பெனி அனுப்பிய விளம்பரம். முன்பணம் 3,500 டாலர் கேட்டிருந்தார்கள். சர்வீசரிடமிருந்து எழுத்துபூர்வமான சலுகையை வாங்கித் தந்து, அதைக் கடன்காரர் ஏற்றுக்கொள்ளும் முன்னால் காசு வாங்குவதை ரெகுலேஷன் ஓ என்ற மத்திய விதி தடை செய்கிறது. வழக்கறிஞர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இது அந்த வகை இல்லை. 888-995-4673 என்ற எண்ணைக் கூப்பிட்டால் இதே உதவி இலவசமாகக் கிடைக்கும். இதை எங்கே வாய்ப்பு கிடைத்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏற்கெனவே மூச்சு முட்டும் வீட்டிலிருந்து 3,500 போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

"முழுமை" என்ற ஒரு சொல்

நவம்பர் 8-ஆம் தேதி அவர்களாகவே ஒரு விண்ணப்பத்தை ஃபேக்ஸ் செய்திருந்தார்கள். நவம்பர் 15-ஆம் தேதியிட்ட பதில் பையில் இருந்தது: விண்ணப்பம் முழுமையாக இல்லை, இன்னின்ன வேண்டும், டிசம்பர் 13-க்குள் அனுப்புங்கள். இவர்கள் அதை நிராகரிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அது நிராகரிப்பே இல்லை. விண்ணப்பம் கிடைத்த ஐந்து வேலை நாளுக்குள் "முழுமை" அல்லது "முழுமையில்லை" என்று எழுதியாக வேண்டும், எது குறைகிறது என்றும் சொல்லியாக வேண்டும் என்பது சர்வீசருக்கு உள்ள கடமை.

ரெகுலேஷன் எக்ஸ் என்ற மத்திய விதித்தொகுப்பில் 2014 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வீசர் விதிகளில் கடன்காரருக்கு இருக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி, விண்ணப்பம் முழுமை அடைந்த பிறகுதான் தொடங்குகிறது. முழுமையான விண்ணப்பம், வீட்டை ஏலம் விடும் நாளுக்கு 37 நாளுக்கும் மேல் இருக்கும்போது கைக்கு வந்தால், 30 நாளுக்குள் எல்லா வழிகளுக்கும் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். கடன் 120 நாளுக்கும் மேல் பாக்கியானால்தான், வீட்டை எடுத்து ஏலம் விடுவதற்கான ஃபோர்க்ளோஷர் வழக்கே போட முடியும். வழக்குப் போடுவதற்கு முன்பே முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அதன் மேல் முடிவு வந்து, முறையீட்டுக் காலமும் முடியும்வரை வழக்குப் போடக் கூடாது. முக்கால்வாசி விண்ணப்பத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. ஒரு பக்கம் குறைந்தாலும் குறைந்ததுதான்.

இவர்களுக்கு 120-ஆவது நாள் டிசம்பர் கடைசியில் வந்தது. கையில் ஐந்து வாரம்.

கேட்டிருந்தது ஐந்து காகிதம். அதில் ஒன்றைப் பார்த்து மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. பேங்க் ஸ்டேட்மென்டின் "பக்கம் 4 / 4" இல்லை என்று எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், அந்த நான்காம் பக்கத்தில் "இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி மட்டும்தான். காலிப் பக்கத்தை எதற்கு அனுப்புவது என்று விட்டுவிட்டார்கள். அதைச் சரிபார்ப்பவர் பக்க எண்ணை மட்டுமே பார்க்கிறார். நான்கில் மூன்று வந்தால் குறை. இப்போதெல்லாம் என்னிடம் வருபவர்களிடம் முதல் வேலையாக ஸ்டேட்மென்டைப் பேங்க் தளத்திலிருந்து முழு பிடிஎஃப் ஆகவே இறக்கச் சொல்கிறேன். போனில் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் இந்த வேலைக்கு ஒத்துவராது.

வருமானப் பெட்டி

படிவத்தில் "மாத மொத்த வருமானம்" என்ற பெட்டியில் 4,580 என்று எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையில் வருவது 2,290. இரண்டால் பெருக்கிப் போட்டேன் என்றார் கணவர்.

இதில் இரண்டு தப்பு. கேட்டது பிடித்தம் போவதற்கு முந்திய சம்பளம். பே ஸ்டப் எனும் சம்பளச் சீட்டில் அது 2,953.85. அடுத்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் வருடத்துக்கு 26 சம்பளம், 24 இல்லை. 2,953.85-ஐ 26-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 6,400. மனைவியின் வகுப்பில் மாதம் சராசரி 1,100 வருகிறது. தம்பூரா ஆப், பாடப் புத்தகம், வகுப்பு நடத்தும் கோயில் கூடத்து வாடகை எல்லாம் போக நிற்பது 850. வரித் தாக்கலில் சுயதொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி-யிலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் இருந்தது. ஆக உண்மையான மாத வருமானம் 7,250.

"குறைச்சுக் காட்டினா நல்லதுதானே அக்கா? கஷ்டம்னு புரியும்ல?" என்று கேட்டார் மனைவி. எல்லோரும் கேட்பதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். லோன் மாடிஃபிகேஷனில் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. வருமானம் அதிகம் என்று தெரிந்தால், இப்போதுள்ள தவணையையே உங்களால் கட்ட முடியும் என்று மறுப்பார்கள். வருமானம் ரொம்பக் குறைவு என்று தெரிந்தால், குறைத்த தவணையைக் கூட உங்களால் கட்ட முடியாது என்று மறுப்பார்கள். சம்பளம் 4,580, வகுப்பில் 850 என்று போயிருந்தால் மொத்தம் 5,430. மாற்றிய தவணை 2,570 என்றால் வருமானத்தில் 47 சதவீதம். அதைக் கட்டுவீர்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை. இரக்கத்துக்காகக் குறைத்த எண், அந்த வீட்டைக் காப்பாற்றக்கூடிய வழியையே அடைத்திருக்கும்.

செலவுப் பட்டியலிலும் இதே கதைதான். மளிகை, பெட்ரோல், போன் எல்லாம் எழுதியிருந்தார்கள். பேங்க் ஸ்டேட்மென்டிலோ ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதம் 300 டாலர் போகிறது; படிவத்தில் அது இல்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ஒரு நண்பருக்கு ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவையில் 400 போகிறது, குறிப்பில் "சிட்" என்று. அதுவும் இல்லை. அது நண்பர்களுக்குள் நடக்கும் சீட்டு. மார்ச் மாதமே கூரை பழுதுக்காக ஏலம் எடுத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரி வரை கட்டியாக வேண்டும். சேமிப்பு என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் எடுத்த சீட்டு கடன்தான். அதை எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்து, "நண்பர்கள் குழுவிடமிருந்து மார்ச் 2024-இல் பெற்ற தொகைக்கான மாதத் திருப்பிச் செலுத்தல், பிப்ரவரி 2025-இல் முடிகிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, கூரை வேலைக்காரரின் பில்லையும் வைத்தோம். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை.

கஷ்டத்தைச் சொல்லும் கடிதம்

முதல் முறை அவர்கள் அனுப்பிய ஹார்ட்ஷிப் லெட்டர் மூன்று பக்கம். மகள் நடந்து பழகியது இந்த வீட்டில்தான் என்பதில் தொடங்கி, மாமியாரின் மூட்டு வலி வழியாக, எங்களைக் கைவிடாதீர்கள் என்று முடிந்தது. எல்லாம் உண்மை. படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் வேலை போன தேதி அதில் இல்லை. பழைய சம்பளமும் புதுச் சம்பளமும் இல்லை. எல்லாவற்றையும் விட ஆபத்தான வரி ஒன்று இருந்தது: "இது தற்காலிகச் சிரமம்தான், கூடிய சீக்கிரம் சரியாகிவிடும்."

நம்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறார்கள். கடனைத் திருப்பித் தருவோம் என்று காட்டும் நம் ஊர் மரியாதை அது. ஆனால் சிரமம் தற்காலிகம் என்று நீங்களே சொன்னால், தற்காலிகத்துக்கான வழிகள்தான் முதலில் வரும்: சில மாதம் தள்ளிப்போடுவது, பாக்கியைப் பிரித்துக் கட்டுவது. கடனின் விதிமுறையையே மாற்றுவது நீண்ட நாள் நீடிக்கும் மாற்றத்துக்காக. வேலை போனது தற்காலிகம், அது முடிந்துவிட்டது. சம்பளம் குறைந்தது நீடிக்கப் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே இல்லை.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம். அதன் சாரம் இது: "2024 ஜூன் 28 அன்று வேலை இழந்தேன். மாத மொத்தச் சம்பளம் 9,200. அக்டோபர் 14 முதல் புதிய வேலை. மொத்தச் சம்பளம் 6,400. இது நிரந்தர வேலை, சம்பளம் அண்மைக் காலத்தில் உயரும் என எதிர்பார்க்கவில்லை. இப்போதைய தவணை 2,849. மாதம் 2,500 முதல் 2,600 டாலர் வரை எங்களால் தவறாமல் கட்ட முடியும். வீட்டில் தொடர்ந்து வசிக்க விரும்புகிறோம்." மகளைப் பற்றிய வரியை எடுக்கும்போது மனைவிக்கு மனசில்லை. "அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம், நீங்க வெச்சுக்கோங்க" என்றேன். அந்த மூன்று பக்கத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கிடையில், கடனுக்கு உண்மையான சொந்தக்காரர் யார் என்று பார்த்தோம். சர்வீசர் வசூல் செய்பவர் மட்டுமே. மாடிஃபிகேஷன் விதிகள் பெரும்பாலும் கடனை வைத்திருப்பவரைப் பொறுத்தவை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டின் தளத்திலும் தேடிப் பார்க்கலாம். இவர்கள் கடன் இரண்டிலும் இல்லை, மத்திய அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. கடனும் இல்லை. சர்வீசரிடம் எழுதிக் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். தனியார் முதலீட்டாளர் என்று பதில் வந்தது. அதாவது ஃபேனி, ஃப்ரெடிக்குப் பொதுவான ஃப்ளெக்ஸ் மாடிஃபிகேஷன் என்ற திட்டம் இவர்களுக்கு இல்லை. அந்த முதலீட்டாளர் என்ன அளவுகோல் வைத்திருக்கிறாரோ அதுதான்.

டிசம்பர் 5-ஆம் தேதி 61 பக்கம் அனுப்பினோம். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் கடன் எண்ணை மனைவியே கையால் எழுதினார். அடுத்த வாரம் வந்த கடிதத்தில் "முழுமையான விண்ணப்பம்" என்று இருந்தது. அதே வாரம் பதிவுத் தபாலில் இன்னொன்றும் வந்தது: ஃபோர்க்ளோஷர் செய்யும் எண்ண அறிவிப்பு. வழக்குப் போடுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே இதை அனுப்ப வேண்டும் என்பது நியூ ஜெர்சி சட்டம். இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. இது வழக்கு இல்லை, முன்னறிவிப்புதான், நம் விண்ணப்பம் உள்ளே இருக்கும்வரை வழக்குப் போட முடியாது என்று சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கையில் விண்ணப்பத்தைப் பரிசீலித்துக்கொண்டே மறு கையில் இப்படி ஒரு காகிதத்தை அனுப்புவது சட்டப்படி சரியாக இருக்கலாம். வாங்குபவர் வீட்டில் அன்று யாரும் தூங்குவதில்லை.

நான் பார்க்கத் தவறியது

2025 ஜனவரி 3-ஆம் தேதியிட்டு மறுப்புக் கடிதம் வந்தது. 8-ஆம் தேதி கையில் கிடைத்தது. மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும் என்பதால் கணக்கு அதில் தெளிவாகவே இருந்தது: மாத வருமானம் 10,500, வீட்டுச் செலவு 2,849, அதாவது 27.1 சதவீதம். வீட்டுச் செலவு வருமானத்தில் 36 சதவீதத்தைத் தாண்டினால்தான் மாடிஃபிகேஷன் தருவோம் என்பது முதலீட்டாளரின் விதி.

7,250 எப்படி 10,500 ஆனது? ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கூட்டிப் பார்த்தேன். சம்பளம் 6,400, சரி. சங்கீத வகுப்புக்கு 850-க்குப் பதிலாக 1,100. செலவு கழிக்காமல் வரவை அப்படியே எடுத்துவிட்டார்கள். மீதி 3,000.

அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, கணவரின் அண்ணன் ஊரிலிருந்து மூவாயிரம் மூவாயிரமாக அனுப்பியிருந்தார். பேங்க் வழியாக வந்த பணம். ஊரில் பேங்கில் நோக்கம் என்ன என்று கேட்டபோது அவர் குடும்பப் பராமரிப்பு என்று சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லே ஸ்டேட்மென்டில் ஆங்கிலத்தில் பதிந்திருந்தது. இரண்டு மாத ஸ்டேட்மென்ட், இரண்டிலும் 3,000, பக்கத்தில் பராமரிப்பு என்ற சொல். பரிசீலித்தவர் மாதாமாதம் வரும் ஆதரவுத் தொகை என்று எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன். 400 டாலர் சீட்டுக்கு அரை மணி நேரம் செலவழித்த நான், 3,000 டாலர் வரவுக்கு ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் அனுப்பிய பணம் என்று எனக்குத் தெரியும்; தெரிந்ததாலேயே அது காகிதத்தில் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பம் ஒரு மாதம் கூடுதலாகத் தவித்தது என் தவறால். அதை அவர்களிடமும் சொன்னேன்.

ஏல நாள் எதுவும் குறிக்கப்படாத நிலையில் முழு விண்ணப்பம் போயிருந்ததால் முறையிட உரிமை இருந்தது. கெடு 14 நாள். முதலில் பார்த்தவர் இல்லாமல் வேறு ஆள் பார்க்க வேண்டும். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கணவர், "அதைக் கடன்னே எழுதிடலாம்க்கா, அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிடறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். பேங்கில் பராமரிப்பு என்று சொல்லிவிட்டு இங்கே கடன் என்று சொன்னால், இரண்டு காகிதம் இரண்டு கதை சொல்லும். அண்ணனையே போனில் கேட்டோம். "முடிஞ்சா திருப்பித் தரட்டும், இல்லேன்னா போகட்டும்மா. இனிமே அனுப்ப எங்கிட்டயும் இல்ல, பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றார். இதுதான் உண்மை, இதுவே போதுமானதாகவும் இருந்தது. தம்பிக்கு வேலை இல்லாத காலத்தில் வாங்கிய கடன்களை அடைக்க இரண்டு தடவை உதவினேன், இது தொடராது என்று அவர் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினார். டிசம்பர் ஸ்டேட்மென்டையும் சேர்த்தோம்; அதில் அப்படி ஒரு வரவு இல்லை. வகுப்புக்கு மாதவாரியாக வரவு செலவுக் கணக்கு, அதற்கான ரசீதுகள், ஷெட்யூல் சி. மேலே ஒரு பக்கத்தில், அவர்கள் கணக்கையும் நம் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, 2,849-ஐ 7,250-ஆல் வகுத்தால் 39.3 சதவீதம் என்று எழுதினோம். ஜனவரி 13-ஆம் தேதி அனுப்பினோம்.

பிப்ரவரி 7-ஆம் தேதி முறையீடு ஏற்கப்பட்டது.

என்ன கிடைத்தது, என்ன விலைக்கு

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் 2,570 டாலர் வீதம் சோதனைத் தவணை. ஒன்று தாமதமானாலும் எல்லாம் போய்விடும் என்பதால், ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதிக்கு முன்பே அனுப்பி, ரசீதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். மே மாதம் நோட்டரி முன் கையெழுத்து. ஜூன் 1 முதல் புதிய கடன்.

கட்டாத ஒன்பது மாதத்து வட்டியும், எஸ்க்ரோவுக்காக சர்வீசர் கட்டிய பணமும், சோதனைத் தவணைகளைக் கழித்தது போக, சுமார் 12,100 டாலர் அசலோடு சேர்ந்தது. புதிய அசல் சுமார் 3,57,200. வட்டி அதே 4.25. காலம் மட்டும் 40 வருடமாகப் புதிதாகத் தொடங்கியது. அசலும் வட்டியும் 1,549, எஸ்க்ரோ 980, எஸ்க்ரோ பற்றாக்குறைக்கு 41. தாமதக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்தார்கள்.

மாதம் 279 டாலர்தான் குறைந்தது. பழைய கணக்கில் மிச்சம் இருந்த 300 தவணைக்கு 5,60,700 டாலர் கட்டியிருப்பார்கள். இப்போது 480 தவணைக்கு 7,43,520. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் கூடுதல். 2049-இல் முடிந்திருக்க வேண்டிய கடன் 2065 மே மாதம் முடியும். கணவருக்கு அப்போது 84 வயது. கையெழுத்துக்கு முதல் நாள் இதை ஒரு தாளில் எழுதி இருவர் முன்னாலும் வைத்தேன். மாடிஃபிகேஷன் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டை விற்றுவிடலாமா என்றும் பேசினோம். பாக்கியை அடைத்துக் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் அதே பள்ளி வட்டாரத்தில் அதே அளவு வாடகை வீடு 2,570-க்குக் கிடைக்காது என்று மனைவி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரு நாள் யோசித்துவிட்டு, தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை என்ற பிரிவை ஒப்பந்தத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக்கொடுத்தேன். சீட்டு முடிந்ததால் மிச்சமாகும் 400-இல் பாதியை அசலுக்கென்று தனியாக அனுப்புவதாக முடிவு. "அசலுக்கு மட்டும்" என்று குறிப்பிட்டு அனுப்பச் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதத் தவணையில் போய்ச் சேரக்கூடும்.

இந்த வருடம் ஜனவரியில் மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது. சர்வீசரின் எஸ்க்ரோ கணக்குக் கடிதம், வந்த அன்றே பிரித்தது. சொத்து வரி ஏறியதால் தவணை மாதம் 38 டாலர் கூடுகிறது. "இது சரியான்னு பாருங்கக்கா, நான் வரி பில்லோட ஒத்துப் பார்த்தேன், சரியாத்தான் வருது" என்று கீழே எழுதியிருந்தார். நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பெரும்பாலான கவுண்டிகளில் வரி மதிப்பீட்டை எதிர்த்து முறையிட ஏப்ரல் 1 வரை நேரம் இருக்கிறது. அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.